பதினோராவது ஆள்

நோட்டரி கையெழுத்துப் போட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. தாத்தா, அப்பா, இவர் என்று மூன்று தலைமுறை. எதிரே நிற்கும் ஆளைக் கண்ணால் பார்க்காமல், இன்னார் என்று உறுதியாகத் தெரியாமல், அந்த வீட்டில் எவரும் ஒரு காகிதத்தில் முத்திரை வைத்ததில்லை என்பது ஊரறிந்த விஷயம். எழுபது வயதிலும் முதுகு ஓர் அங்குலம் வளையவில்லை. "ஐயா படுக்கும்போதும் நின்னுகிட்டேதான் படுப்பாரு" என்பார் சலூன்காரர். அதையும் நோட்டரி தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் சொல்வார்.

மூன்று தெருக்கள் கூடும் இடத்தில் இருந்த வாசகசாலை, நோட்டரியின் அப்பா தம் சொந்த நிலத்தில் கட்டி ஊருக்குக் கொடுத்தது. ஒரே நீளக் கூடம். நடுவில் நீள மேசை, அதன் இரு பக்கமும் பெஞ்சுகள், சுவரோரம் ஜன்னல் வெளிச்சத்தில் இன்னும் ஒரு பெஞ்சு. வாசலுக்கு மேலே சிமெண்ட் எழுத்தில் அப்பாவின் பெயர். அந்தக் கட்டடத்தின் கதவில்தான் ஒரு நாள் நகராட்சி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனது. 'புழக்கத்தில் இல்லாத, பழுதடைந்த கட்டடம்' என்பதால் இடிக்கப்படும் என்றிருந்தது. இடித்தபின் அங்கே கார் நிறுத்துமிடமும் கடைகளும் வரப்போகின்றன என்று நோட்டீஸில் இல்லை. பில்டரின் ஆட்கள் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

நோட்டரி விதிப் புத்தகத்தைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். தொடர்ந்து இருபத்தொரு நாள், தினமும் குறைந்தது பதினொரு பேர் வந்து பயன்படுத்தும் பொதுக் கட்டடத்தை இடிக்க முடியாது. அவ்வளவுதான். மாலை ஐந்திலிருந்து ஆறு வரை பதினொரு பேர் உட்கார்ந்து பேப்பர் படித்தால் அப்பாவின் பெயர் சுவரில் நிற்கும். இல்லாவிட்டால் பெயரெழுதிய சிமெண்ட் லாரியில் போகும்.

பதினொரு பேர் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. தெருவில் பாதி வீடுகளுக்குப் பில்டர்தான் வீட்டுக்காரர். காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று எல்லோருக்கும் பயம். நோட்டரியின் மனைவிக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகி மாடிப்படி இறங்க முடியாது. கடைசியில் தையல்கார அக்கா, ஜெராக்ஸ் கடைக்காரி, சலூன்காரர், மருந்துக்கடைக்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பிளம்பர் என்று, நோட்டரியையும் சேர்த்து எப்படியோ பதினொரு பேர் ஆனார்கள்.

நான்காம் நாள் ஆறு மணிக்குக் கிளம்பும்போது, நாளையிலிருந்து வரமாட்டேன் என்று பிளம்பர் சொல்லிவிட்டார். பில்டரிடமிருந்து அவருக்கு நான்கு மாடி வேலை கிடைத்துவிட்டது.

"பேரு எழுதின லிஸ்ட் அவன் கைக்குப் போயிருக்கு" என்றார் நோட்டரி. "யார் யார்னு தெரிஞ்சாத்தானே வலை போடுவான்? இனிமே பேரே வேண்டாம். கண்டக்டர் தலையை எண்ணட்டும், நான் சாட்சிக் கையெழுத்துப் போடுறேன். விதியில எண்ணிக்கைதான் கேட்டிருக்கு."

கண்டக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. முப்பது வருஷம் பஸ்ஸில் தலை எண்ணியவர். பேசிக்கொண்டே, மேசை விளிம்பை விரலால் தட்டிக்கொண்டே, ஒரு நடையில் எண்ணிவிடுவார். "மூஞ்சியப் பாக்கக் கூடாதுங்க. மூஞ்சியப் பாத்தா நலம் விசாரிக்கத் தோணும், கணக்கைக் கோட்டை விட்டுடுவோம்."

சரி, பிளம்பர் இடத்துக்கு யார்? அன்று இரவே வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். தலையாட்டியவர்கள் இருந்தார்கள், வருவதாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. மறுநாள் ஐந்தரை மணிக்குக் கண்டக்டர் கூடத்தை ஒரு சுற்று சுற்றினார்.

"பதினொண்ணு."

"நெசமாவா?" என்றாள் ஜெராக்ஸ் கடைக்காரி.

"ரெண்டாந்தரம் எண்ணச் சொல்றியா என்னை?"

யாரோ மனசு மாறி வந்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் உயிர் வந்தது. நோட்டரி 'பதினொருவர்' என்று எழுத்திலும் எண்ணிலும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். மேசையின் வாசல்பக்க முனையில், ஜன்னலோரப் பெஞ்சுக்கு முதுகைக் காட்டித்தான் அவர் உட்காருவார். இன்று நேற்றல்ல, நாற்பத்து மூன்று வருஷமாக அப்படித்தான்.

எட்டு நாள் இதே எண்ணிக்கை வந்தது.

பன்னிரண்டாம் நாள் ஆறு மணிக்கு, பேப்பர்களை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது ஜெராக்ஸ் கடைக்காரி காலிக் கோப்பைகளைப் பொறுக்கினாள். தினமும் டீ கொண்டுவருவது அவள் பொறுப்பு.

"அக்கா, அந்தம்மா டீயே குடிக்க மாட்டாங்களா? எட்டு நாளா வெக்கிறேன், அப்படியே ஆறிப்போய்க் கெடக்கு."

"எந்தம்மா?" என்றாள் தையல்கார அக்கா.

"ஜன்னல் பெஞ்சில உக்காருவாங்களே. உங்க சொந்தக்காரங்கன்னு நெனச்சேன்."

"என் சொந்தமா? மருந்துக்கடை அண்ணன் வீட்டு ஆளுன்னுல்ல நான் நெனச்சேன்!"

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குச் சலூன்காரர் கூட்டிட்டு வந்தாருன்னு…"

"பொம்பளைய நான் ஏன் கூட்டிட்டு வர்றேன்? வீட்டுல என்னைச் செரைச்சிடுவா." சலூன்காரர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் அந்த அம்மாவைப் பார்த்திருந்தார்கள். எல்லோருக்கும் அவர் வேறு யாருடைய ஆளோ. அவர் உள்ளே வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தவரும் இல்லை. ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து பேப்பர் படிக்கும் முதுகைத்தான் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். காலியாக இருந்தது. டீக்கோப்பையில் ஆடை படிந்திருந்தது.

"நாளைக்கு வந்தா நானே போய்ப் பேசுறேன்" என்றாள் தையல்கார அக்கா. ஊரில் எந்தப் பெண்ணிடமும் அளவெடுத்துக்கொண்டே குடும்பக் கதை முழுவதையும் கறந்துவிடுவாள்.

மறுநாள் அந்தப் பெஞ்சில் ஆள் இருந்தது. தையல்கார அக்கா எழுந்து போனாள். நேராகப் பின்னால் போய் நின்றாள். நின்றவள் நின்றபடியே இருந்தாள். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்து நோட்டரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"பேசலையா?"

"கூப்பிட வாய் வரலைங்கய்யா. கிட்டப் போனதும் நாக்கு ஒட்டிக்கிச்சு." தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு பாத்தேன். சட்டையில இடது தோளுக்கு உள்ள துணி மடிச்சு வெச்சுத் தைச்சிருக்கு. தோள் எறக்கம் தெரியாம இருக்க. அந்தத் தையல் எங்கம்மா கையி. யாரும் அப்படி உள்தையல் போட மாட்டாங்க. ஒரே ஒரு பொண்ணுக்குத்தான் அப்படித் தைச்சேன்னு அம்மா சொல்வாங்க."

"யாருக்கு?" நோட்டரியின் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"அதைத்தான் கடைசிவரைக்கும் சொல்லல. அந்த வீட்டுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்னு வாயைக் கட்டிக்குவாங்க. அம்மா போயே பதினெட்டு வருஷமாச்சு. அந்தச் சட்டை இன்னும் எப்படிப் புதுசா இருக்கும்?"

 அந்த வாக்கை வாங்கி வந்தவரே நோட்டரிதான். அப்பா அனுப்பி, தையல்கார அம்மாவின் வீட்டு வாசலில் நின்று வாங்கினார்.

அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். நான்கு வயது இளையவள். சிறு வயதில் கிணற்றடியில் விழுந்ததில் இடது தோள் சற்று இறங்கிப்போனது. இருபத்து மூன்று வயதில் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்பா கத்தவில்லை, அடிக்கவில்லை. தலை முழுகினார். காகிதம் எடுத்து, 'எனக்கு ஒரே மகன், வேறு மக்கள் யாரும் பிறக்கவில்லை' என்று எழுதி, அப்போதுதான் புதிதாக முத்திரை வாங்கியிருந்த மகன் முன் வைத்தார். மகன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். நோட்டரியாக அவர் போட்ட முதல் கையெழுத்து அது.

அடுத்த வருஷம் அவள் வந்தாள். வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்று தெரியும். பொது வாசகசாலையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாமே? ஒரு வாரம், தினமும் ஐந்திலிருந்து ஆறு வரை, ஜன்னல் பெஞ்சில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா உள்ளே வருவார், படிப்பார், போவார். அண்ணனும் அப்படியே. ஒரு வார்த்தை, ஒரு பார்வை கிடையாது. ஊரும் பெரிய மனிதர் வீட்டு விவகாரம் என்று பார்க்காததுபோலப் படித்தது. எட்டாம் நாள் அவள் வரவில்லை. நான்கு வருஷம் கழித்து அவள் இறந்த செய்தி ஒரு கார்டில் வந்தது. நோட்டரி அதைக் கிழிக்கவுமில்லை, பதில் போடவுமில்லை. அப்பா செத்தார், தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகச் செத்தார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அப்படி ஒருத்தி இருந்ததே தெரியாது.

கண்டக்டர் சுற்றி முடித்திருந்தார். "பதினொண்ணு" என்றார் அடங்கிய குரலில். "ஐயா, எனக்குப் பதினொண்ணுதான் வருது. போடுறதா வேண்டாமா, உங்க இஷ்டம்."

பார்க்காமல் கையெழுத்துப் போடும் வம்சம் இல்லை. எட்டு நாள் பார்க்காமல் போட்டிருக்கிறார். நோட்டரி பெஞ்சில் இருந்தபடியே பின்னால் திரும்பினார்.

ஜன்னல் வெளிச்சத்தில் தலைமுடி கறுகறுவென்று இருந்தது. தோள்கள் இரண்டும் சமமாக இருந்தன. அது தையல்கார அம்மாவின் சாமர்த்தியம். கை பேப்பரின் பக்கத்தைப் புரட்டியது. கூடத்தில் பத்துப் பேர் மூச்சுவிடுவது கேட்டது, காகிதம் புரளும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

அவர் மேசைப் பக்கம் திரும்பி, 'பதினொருவர்' என்று எழுதினார். 'னொ'வில் மை கொஞ்சம் பரவியது.

அன்று வெளியே வந்ததும் சலூன்காரர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "நாளையிலேருந்து நான் வரலங்க" என்றார்.

"நீங்க போனா பத்தாயிடும்" என்றார் கண்டக்டர். "டிக்கெட் கிழிச்சாச்சு, பாதியில எறங்குனா காசு திரும்பாது. உக்காருங்க."

"பில்டர் ஆளுங்க காட்டுற பயத்துக்கு இது தேவலாம்னு சொல்ல வர்றீங்களா?"

"அந்தம்மா வீட்டைக் காலி பண்ணச் சொல்லலையே."

எல்லோரும் வந்தார்கள். பயந்துகொண்டுதான் வந்தார்கள். ஜன்னல் பக்கம் யாரும் பார்க்கவில்லை, ஜெராக்ஸ் கடைக்காரி மட்டும் போகும்போதும் வரும்போதும் சுவரைத் தடவியபடி ஒரு கோப்பை டீ வைத்துவிட்டு வந்தாள். பார்க்காததுபோலப் படிப்பது எவ்வளவு சுலபமான காரியம் என்று நோட்டரி கவனித்தார். நாலு நாளில் பழகிவிடுகிறது.

இருபதாம் நாள் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. எண்ணிக்கையில் சந்தேகம் இருப்பதாகப் பில்டர் தரப்பு மனுக் கொடுத்திருக்கிறது. நாளை மாலை இன்ஸ்பெக்டர் நேரில் வருவார். வந்திருப்போர் ஒவ்வொருவரின் பெயர், வயது, தகப்பன் பெயர், கையெழுத்து வேண்டும்.

மனைவி கட்டிலில் காலை நீட்டியபடி கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

"பதினொரு பேருதான் இருக்கீங்களே, அப்புறம் என்ன மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல."

"உங்க ஒண்ணுமில்லைக்குள்ள என்னென்னமோ இருக்கு. கல்யாணம் பேச வந்தப்ப, பையனுக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்லையான்னு எங்கம்மா கேட்டாங்க. உங்கப்பா 'ஒரே பிள்ள'ன்னாரு. நீங்க அப்பவும் இதே மூஞ்சியோடதான் நின்னீங்க."

அவர் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போனார்.

 தங்கையின் பெயரை எழுதினால் அப்பா பொய்யர். அப்பா எழுதிய காகிதத்தில் சாட்சி நின்ற மகனும் பொய்யர். மூன்று தலைமுறைக் கையெழுத்துக்கு இனி என்ன மரியாதை? எழுதாவிட்டால் அப்பாவின் பெயர் லாரியில் போகும். அப்பாவைக் காப்பாற்ற அப்பாவின் வாக்கை உடைக்க வேண்டும். எந்தப் பக்கம் புரட்டினாலும் இதுவேதான் வந்தது.

இன்ஸ்பெக்டர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஐந்தேகாலுக்கு வந்தார். இளவயது, அடுத்த இடத்துக்கு ஓடும் அவசரம். கண்டக்டரை எண்ணவிடாமல் தாமே பேனாவை நீட்டி நீட்டி எண்ணினார்.

"பதினொண்ணு. சரியா இருக்கு. எல்லாரும் வரிசையா வந்து எழுதுங்க."

பத்துப் பேர் எழுதினார்கள். பத்தாவது ஆள் நோட்டரி. பேனாவை மூடவில்லை.

"அந்த ஜன்னலோர அம்மா?" இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தினார். "அம்மா! கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் படிங்க!"

முதுகு அசையவில்லை. பக்கம் மட்டும் புரண்டது.

"காது கேக்காதா?"

 ஜெராக்ஸ் கடைக்காரி தையல்கார அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் இரண்டடி வைத்தார். மூன்றாவது அடி வைக்கவில்லை. ஏன் நின்றோம் என்று அவருக்கே தெரியாததுபோல ஹெல்மெட்டை மறு கைக்கு மாற்றினார்.

"முடியாதவங்கன்னா தெரிஞ்சவங்க அடையாளம் காட்டி எழுதலாம். உறவு என்னன்னு போட்டு. தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா? இல்லைன்னா பத்துன்னு எழுதிட்டுப் போயிடுறேன்."

தையல்கார அக்கா நோட்டரியைப் பார்த்தாள். அவள் பார்வையில் கேள்வி இல்லை. எட்டு நாளில் அவளும் கூட்டிக் கழித்துப் பார்த்திருப்பாள்.

"நான் எழுதுறேன்" என்றார் நோட்டரி.

பெயரை எழுதினார். நாற்பத்து மூன்று வருஷமாக எழுதாத பெயர். தகப்பன் பெயர் என்ற இடத்தில், வாசலுக்கு மேலே இருக்கும் பெயரை எழுதினார். உறவு: என் உடன்பிறந்த தங்கை. என் கண்முன் இருப்பவர், என்னால் அறியப்பட்டவர். கையெழுத்து. பையிலிருந்து முத்திரையை எடுத்து அழுத்தினார்.

"உங்க தங்கச்சியா? சொல்லவே இல்லையே!" இன்ஸ்பெக்டர் சிரித்தார். "வயசு விட்டுட்டீங்க, சார்."

நோட்டரி மறுபடி பேனாவை எடுத்தார். பொய் எழுதும் வழக்கம் இல்லை. 'இருபத்தெட்டு' என்று எழுதினார்.

இன்ஸ்பெக்டர் படித்தார். எழுபது வயது நோட்டரியைப் பார்த்தார். ஜன்னலோரத்துக் கறுத்த முடியைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். வாய் ஏதோ கேட்கத் திறந்தது, மூடிக்கொண்டது. காகிதத்தைச் சரசரவென்று மடித்துப் பையில் திணித்துக்கொண்டு, "சரிங்க, சரிங்க" என்று பின்புறமாகவே நடந்து வாசலைத் தாண்டினார். வண்டியைக் கிளப்பும் சத்தம் மூன்று தரம் கேட்டது.

மறுநாள் மதியமே உத்தரவு வந்துவிட்டது. இடிப்பு ரத்து. பழைய நோட்டீஸின் மேலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். அப்படியொரு வேகம் நகராட்சியில் யாரும் கண்டதில்லை.

அன்று மாலை யாரும் வரவேண்டிய அவசியமில்லை. ஆனாலும் எல்லோரும் வந்தார்கள். சலூன்காரர் புதுச் சட்டை போட்டிருந்தார். ஜெராக்ஸ் கடைக்காரி டீயோடு பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். ஜன்னல் பெஞ்சில் ஆள் இருந்தது. இன்று அவளைப் பார்த்து யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நோட்டரி வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். இடித்திருந்தால் இந்நேரம் தலைக்கு மேல் வானம் தெரிந்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள்.

"எண்ணாம இருக்க முடியல" என்று கண்டக்டர் எழுந்தார். மேசையைத் தட்டிக்கொண்டே போனார், வந்தார். "உக்காந்திருக்கிறது பதினொண்ணு. நிக்கிறது ஒண்ணு."

"யாருய்யா நிக்கிறது? எல்லாரும் உக்காந்துதானே இருக்கோம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"வாசல்ல. ஒரு பெரியவர்." கண்டக்டர் முகத்தைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. குரல் உள்ளே போய்விட்டது. "ஐயா மாதிரியே… முதுகு…"

வாசல் நோட்டரிக்கு இடக்கைப் பக்கம். தலையைக் கொஞ்சம் அசைத்தால் போதும். அசைக்கவில்லை. கைத்தடி தரையில் இரண்டு தரம் தட்டியது. அந்த வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. அப்பாவின் அந்தத் தட்டுக் கேட்டால் மகன் எழுந்து நிற்க வேண்டும்.

எழுபது வயதுக் கால்கள் தாமாகவே எழுந்து நின்றன.

கூடத்தில் யாரும் அசையவில்லை. நோட்டரி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  பிறகு கையை எடுத்தார். வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். தம் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வோர் அடியாக, ஜன்னல் பெஞ்சை நோக்கி நடந்தார்.

பின்னால் மறுபடி தடி தட்டியது, இந்தத் தடவை பலமாக.

"ஐயா" என்றார் கண்டக்டர் கெஞ்சுவதுபோல, "நான் என்னன்னு எழுத?"

"இனிமே எண்ண வேண்டாம்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். நோட்டரி உட்கார்ந்தார். அந்தப் பக்கம் ஈரத்துணிபோலக் குளிர்ந்திருந்தது. பின்னால் தடி ஊன்றும் சத்தம் கூடத்துக்குள் வந்தது. மேசையின் நீளத்துக்கு, அவசரமில்லாமல், ஒவ்வோர் ஊன்றாக நெருங்கியது. பக்கத்திலிருந்த கை பேப்பரை நடுவில் பிரித்து, பாதியை அவர் முன் வைத்தது.